டக்பானி வினையை எங்கே பிடிப்பது? மூன்று வழிகளும் ஒரு முடிவும்

ஒரு மொழியின் இலக்கணத்தைக் குறிப்பேட்டில் எழுத உட்காரும்போது, பெயர்ச்சொற்களை எப்படி அடுக்கினாலும் பெரிய நஷ்டம் வராது. வினையைத் தப்பாக அடுக்கினால் வரும். முதல் பக்கத்தில் போட்ட அட்டவணைதான் அதற்கப்புறம் கேட்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தீர்மானிக்கும். கட்டம் பொருந்தாவிட்டால் மொழியைக் குறை சொல்லத் தோன்றும், "இதில் விதிவிலக்கு ஜாஸ்தி" என்று. டக்பானியைப் பற்றி அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். அதன் வினைத்தொடர் அவ்வளவு ஒழுங்கானது. சரியான நுனியைப் பிடித்தால் சரசரவென்று அவிழும்.

டக்பானி கானா நாட்டின் வடக்கில் பேசப்படும் மொழி. பேசுபவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். தமாலே பெரிய நகரம். கிழக்கே உள்ள யென்டி, டக்பொன் அரசின் மன்னரான யா நா வீற்றிருக்கும் ஊர். தமாலே பக்கத்துப் பேச்சுக்கும் யென்டி பக்கத்துப் பேச்சுக்கும் வேறுபாடு உண்டு, நனும்பா மக்களின் பேச்சு இன்னொரு வகை. மாம்ப்ருலி, குஸால் எல்லாம் இதற்கு நெருங்கிய உறவு. இந்தக் குடும்பத்தை நெடுங்காலம் கூர் மொழிகள் என்றே அழைத்தார்கள். கானாவின் மொழியியலாளர் ஆடம்ஸ் போடோமோ இவற்றில் ஒரு கிளைக்கு மாபியா என்று பெயர் வைத்தார். 'மா' என்றால் தாய், 'பியா' என்றால் பிள்ளை. ஒரு தாய் மக்கள் என்று பொருள் வரும் பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அதற்கு முன் ஒலி பற்றி நாலு வார்த்தை. 'ட' என்று வரும் இடமெல்லாம் டீசலின் ட. 'த' என்றால் தந்தியின் த. 'பி', 'பெ', 'பொ' என்று தொடங்குபவற்றில் பீரோவின் ப. 'புன்', 'ப' இரண்டில் மட்டும் பேனாவின் ப. 'ஜ' வரும் இடத்தில் ஜீப்ராவை ஆங்கிலத்தில் சொல்வது போன்ற இரைச்சல் ஒலி. 'ச' என்றால் அச்சத்தின் ச. 'ஒ' என்பது அவன், அவள் இரண்டுக்கும் பொதுவான ஒரே சொல். கீழே நான் 'அவள்' என்று எழுதும் இடத்தில் 'அவன்' என்றும் படிக்கலாம்.

இனி முடிவு. நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த முக்கால அட்டவணையைப் போடலாம். அல்லது வினைக்கு முன்னும் பின்னும் வரும் சொற்களை ரயில் பெட்டிகள் மாதிரி இடம் குறித்து வரிசையாக நிறுத்தலாம். அல்லது காலத்தை ஒத்திவைத்துவிட்டு, செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, வினைக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்ற கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.

முக்கால அட்டவணை

தமிழ் படித்தவர் கை தானாகப் போவது இங்கேதான். உண்டான், உண்கிறான், உண்பான். டக்பானியில் 'டி' என்றால் சாப்பிடு. அதை வைத்து முதல் நாளே ஓர் அட்டவணை போட்டுவிடலாம்.

ஒ டிய: அவள் சாப்பிட்டாள்.
ஒ டிர: அவள் சாப்பிடுகிறாள்.
ஒ நி டி: அவள் சாப்பிடுவாள்.

அழகாகத்தான் இருக்கிறது. இந்த வழியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஏனென்றால், தமிழ் தெரிந்தவருக்கு இது ஓர் இடத்தில் உண்மையாகவே கைகொடுக்கிறது. அந்த இடம் எதிர்மறை. 'சங்' என்றால் போ. இந்த மூன்றையும் பாருங்கள்.

ஒ பி சங்: அவள் போகவில்லை.
ஒ கு சங்: அவள் போகமாட்டாள்.
டி சங்: போகாதே.

நடந்ததையும் நடப்பதையும் மறுக்க ஒரு சொல், வரப்போவதை மறுக்க ஒரு சொல், தடுத்துச் சொல்ல ஒரு சொல். தமிழில் 'இல்லை', 'மாட்டாள்', 'ஆதே' என்று நாம் மூன்றாகப் பிரித்துவைத்திருப்பது போலவே அங்கேயும் 'பி', 'கு', 'டி' என்று மூன்று. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தின் ஒரே 'நாட்' வைத்துப் பழகியவருக்கு இது புதிதாகத் தெரியும். நமக்கு இது பழகின தெரு. எதிர்காலத்துக்கென்று 'நி' என்றும், அதன் மறுப்புக்கென்று 'கு' என்றும் தனிச்சொற்கள் இருப்பதால், டக்பானியில் எதிர்காலம் என்ற ஒன்று இலக்கணத்தில் பதிந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்னும் ஓர் இடத்தில் தமிழ்ப் பழக்கம் உதவும். 'ந' என்ற சொல் 'இன்னும்' என்ற பொருள் தரும். 'ஒ ந பி சங்' என்றால் அவள் இன்னும் போகவில்லை. இன்னும், மறுப்பு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அப்புறம், சில வினைகளுக்கு மறுப்பே தனி வினை. 'மி' என்றால் தெரியும், 'ஜி' என்றால் தெரியாது. 'பெ' என்றால் ஓரிடத்தில் இருக்கிறது, அதன் மறுப்பு 'கனி', இல்லை. ஒன்று இன்னொன்றாக இருப்பதைச் சொல்ல ஒரு வினை, அப்படி இருப்பதை மறுக்க 'ப'. 'இல்லை'யும் 'அல்ல'வும் வேறு வேறு என்று சின்ன வயதில் நம் தமிழாசிரியர்கள் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தப் பாடம் 'கனி'க்கும் 'ப'வுக்கும் இடையிலான வேறுபாட்டில் அப்படியே பயன்படுகிறது.

சரி, இவ்வளவு நல்லது இருந்தும் ஏன் இந்த வழியில் நிற்கக் கூடாது என்கிறேன்?

முதலில், அட்டவணையின் பக்கவாட்டு வரிசைகள் வீண். தமிழில் உண்டேன், உண்டாய், உண்டாள், உண்டோம் என்று ஆளுக்கொரு விகுதி. டக்பானி வினையில் அப்படி எதுவும் இல்லை. 'நான்' என்பதற்கு 'ன்', 'நாம்' என்பதற்கு 'தி', 'அவர்கள்' என்பதற்கு 'பெ' என்று முன்னால் போட்டால் போதும். ன் டிய, தி டிய, பெ டிய. வினை அசையாமல் நிற்கும். எட்டு வரிசை எழுதினாலும் எட்டிலும் அதே 'டிய' என்றால், அந்தத் தாள் நமக்கு எதையும் கற்றுத்தரவில்லை.

பெரிய சிக்கல் 'டா' என்ற சொல்லில் இருக்கிறது. இது காலத் தூரத்தைச் சொல்லும் இடைச்சொல். இரண்டு நாளோ அதற்கு மேலோ முன்பு என்று பொருள். 'ஸ' என்பது ஒரு நாள் முன்பு, அதாவது நேற்று.

ஒ ஸ டி ஞுலி: அவள் நேற்று கிழங்கு சாப்பிட்டாள்.
ஒ டா டி ஞுலி: அவள் முன்பொரு நாள் கிழங்கு சாப்பிட்டாள்.
ஒ டா டிரி ஞுலி: அவள் அப்போது கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அல்லது முன்பெல்லாம் கிழங்கு சாப்பிடுவாள்.

('ஞுலி' என்பது நம்மூர்க் காவள்ளிக்கு உறவான பெரிய கிழங்கு. வட கானாவில் அது முக்கியச் சாப்பாடு.)

மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். 'டிர'வை நிகழ்காலம் என்று கட்டத்தில் எழுதிவைத்தோமே, அது பின்னால் பெயர் வரும்போது எடுக்கும் வடிவம்தான் 'டிரி'; அது இப்போது இறந்தகாலத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. 'டா' இல்லாமல் வந்தால் அதே 'டிரி' இந்த நிமிடம் சாப்பிடுவதையும் சொல்லும், வழக்கமாகச் சாப்பிடுவதையும் சொல்லும். அப்படியானால் 'டிரி' நிகழ்காலம் கிடையாது. அது முடியாத செயலின் வடிவம். செயல் எப்போது நடந்தது என்பதைச் சொல்லும் பொறுப்பு வினையினுடையதே கிடையாது. அது முன்னால் நிற்கும் 'ஸ', 'டா' போன்ற சொற்களுக்கு. அவை இல்லாவிட்டால் பேச்சின் சூழலுக்கு.

இதைப் புரிந்துகொள்ளாமல் முக்கால அட்டவணையோடு முன்னே போனவர், 'டா டிரி' போன்ற ஒவ்வொரு சேர்க்கைக்கும் புதிதாக ஒரு காலப் பெயர் கண்டுபிடிக்க வேண்டி வரும். அண்மை இறந்தகாலம், சேய்மை இறந்தகாலம், சேய்மை இறந்தகாலத் தொடர் என்று. நானும் அப்படித்தான் பெயர் வைத்துப் பார்த்தேன். பத்துப் பெயரைத் தாண்டியதும் பெயர்கள்தான் நினைவில் நின்றன, மொழி நிற்கவில்லை.

பெட்டி வரிசை

இரண்டாவது வழிக்காரர் பெயர் வைக்கும் வேலையை விட்டுவிடுவார். எது எதற்கு முன்னால் வருகிறது என்று மட்டும் பார்ப்பார். எழுவாய் முதலில். அப்புறம் 'ஸ', 'டா', 'புன்' போன்ற காலத் தூரச் சொற்கள். 'புன்' என்றால் ஏற்கெனவே. அதற்கப்புறம் 'நி', 'பி', 'கு' ஆகியவற்றில் ஒன்று. பிறகு வினை, வினையோடு ஒட்டிய விகுதி. அதன் பின் 'ல' அல்லது 'மி' என்ற சின்னச் சொல். பிறகு செயப்படுபொருள்.

தமிழுக்கு இது அப்படியே தலைகீழ். நாம் வினையை வாக்கியத்தின் கடைசியில் வைத்து, அதன் வாலில் காலம், மறுப்பு, ஆள் என்று ஒட்டிக்கொண்டே போவோம். 'போய்க்கொண்டிருக்கவில்லை' என்பதில் ஐந்தாறு பொருள் ஒரே சொல்லுக்குள். டக்பானியில் அவற்றில் பெரும்பாலானவை வினைக்கு முன்னால், தனித்தனிச் சொற்களாக, மாறாத வடிவத்தில் நிற்கின்றன. 'பி' எப்போதும் 'பி'தான். எழுவாய் மாறினாலும், ஒருமை பன்மையானாலும், பெண் ஆணானாலும் அது மாறாது. ஆகவே வரிசையை மனப்பாடம் செய்தால் முக்கால்வாசி வாக்கியங்களைப் பிழையில்லாமல் கட்டிவிடலாம்.

கணினி வேலைக்கு இதுதான் உகந்த வழி என்று நினைக்கிறேன். 2021ல் டக்பானி விக்கிப்பீடியா தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பும் தன்னார்வலர்கள் சொற்களையும் வடிவங்களையும் தரவாகச் சேர்க்கிறார்கள். அந்த மாதிரி வேலையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும்: இது காலத் தூரம், இது மறுப்பு, இது வினை, இது விகுதி. பெட்டி வரிசை இருந்தால் சீட்டு ஒட்டுவது சுலபம். பக்கத்து மொழிகளுக்கும் இந்த வரிசை ஓரளவு பொருந்தும். குஸாலில் நேற்றைக்கு 'ஸ', அதற்கு முந்தைய நாட்களுக்கு 'ட' என்று ஏறக்குறைய இதே ஏற்பாடு. ஒரு தாய் மக்கள் என்று சொன்னேனே.

இந்த வழியின் குறை என்னவென்றால், உருவம் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பத்தை அது தீர்ப்பதே இல்லை. டக்பானியில் சின்னச் சொற்கள் ஏராளம், ஒரே எழுத்துக்கூட்டலில் பல சொற்கள். 'டி' என்றால் சாப்பிடு. 'டி' என்றால் 'அது'. 'டி' என்றால் தடுக்கும் சொல், 'ஆதே'. ஆகவே 'டி டிய' என்றால் அது சாப்பிட்டது, 'டி டி' என்றால் சாப்பிடாதே. 'டா' என்றால் காலத் தூரம், 'டா' என்றால் சந்தை, அதற்கு மேல் 'ட' என்று குறிலாக வந்தால் வாங்கு. 'ஒ டா ட ஞுலி' என்றால் அவள் முன்பொரு நாள் கிழங்கு வாங்கினாள். 'நி' எதிர்காலத்தையும் குறிக்கும், இன்னார் 'உடன்' என்பதையும் குறிக்கும். இடத்தை வைத்து இதில் பாதியைப் பிரித்துவிடலாம். மறுபாதிக்கு மனிதக் காது வேண்டும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. பெட்டி வரிசை ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. டக்பானியிலோ தூரத்துப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. முன்னால் 'பி' வந்தால் பின்னால் இருக்கும் விகுதி விழுந்துவிடுகிறது. பின்னால் செயப்படுபொருள் வந்தால் வினையின் வால் மாறுகிறது. வரிசைப் படம் இதைக் காட்டாது. எதற்கப்புறம் எது என்று காட்டும், எதனால் எது என்று காட்டாது. அந்த 'எதனால்' தெரிந்துகொள்ளத்தான் மூன்றாவது வழி.

முடிந்ததா, பின்னால் என்ன வருகிறது?

இந்த வழியில் முதல் பக்கத்தில் காலம் என்ற சொல்லே இருக்காது. இரண்டு கேள்விகள் மட்டும். செயல் முடிந்ததா, முடியாததா? வினைக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா, வினையோடு வாக்கியம் நின்றுவிடுகிறதா?

முடிந்த செயல்:
ஒ டிய: அவள் சாப்பிட்டாள். (பின்னால் ஒன்றும் இல்லை)
ஒ டி ஞுலி: அவள் கிழங்கு சாப்பிட்டாள்.

முடியாத செயல்:
ஒ டிர: அவள் சாப்பிடுகிறாள்.
ஒ டிரி ஞுலி: அவள் கிழங்கு சாப்பிடுகிறாள்.

ஏவல்:
டிம: சாப்பிடு.
டிமி ஞுலி: கிழங்கு சாப்பிடு.

மூன்று ஜோடிகள். ஒவ்வொன்றிலும் பின்னால் ஒன்றும் வராதபோது வால் 'அ'கரத்தில் முடிகிறது: ய, ர, ம. பின்னால் ஏதாவது வந்தால் 'ய' அப்படியே விழுந்துவிடுகிறது, 'ர' என்பது 'ரி' ஆகிறது, 'ம' என்பது 'மி' ஆகிறது. 'குடி' என்று பொருள்படும் 'ஞு' என்ற வினைக்கும் இதேதான். ஞுய, ஞு கொம். ஞுர, ஞுரி கொம். ஞும, ஞுமி கொம். ('கொம்' என்றால் தண்ணீர்.) 'போ' என்ற 'சங்' மட்டும் மூக்கொலியில் முடிவதால் கொஞ்சம் உருமாறும்: 'ஒ சங்ய', போனாள். 'ஒ சங் டா', சந்தைக்குப் போனாள். 'ஒ சனி டா', சந்தைக்குப் போகிறாள். உருவம் மாறினாலும் அடியில் இருக்கும் கணக்கு அதேதான்.

இதை முதன்முதலாக ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முக்கால அட்டவணையில் 'டிய', 'டி' இரண்டும் ஏன் இறந்தகாலம் என்று புரியாமல் ஒன்றை அடைப்புக்குறிக்குள் தள்ளியிருந்தேன். பெட்டி வரிசையில் 'விகுதி சில சமயம் வரும்' என்று எழுதியிருந்தேன். இங்கே அந்த இரண்டு தவிப்பும் ஒரே விதிக்குள் அடங்குகின்றன. ஏவல்கூட உள்ளே வந்துவிடுகிறது. ஏவலுக்குக் காலமே கிடையாது. ஆகவே இது காலத்தைப் பற்றிய விஷயமே இல்லை என்பதற்கு ஏவல் நல்ல சாட்சி.

இனி இந்த வழிக்குள்ளேயே இன்னொரு சின்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த 'ய'வை என்னவென்று அழைப்பது? மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லக்கூடும்.

செயப்படுபொருள் குன்றிய வினையின் விகுதி என்று ஒருவர் சொல்லலாம். அது நிற்காது. 'டி' செயப்படுபொருள் கேட்கும் வினைதான். முன்னரே பேசிய கிழங்கைப் பற்றி 'ஒ டிய' என்றால், அவள் அதைச் சாப்பிட்டாள் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். பொருள் இருக்கிறது, சொல்லாகத்தான் இல்லை. மறுபக்கம், 'ஒ சங் டா' என்பதில் சந்தை செயப்படுபொருள் கிடையாது, போகும் இடம். இருந்தும் 'ய' விழுந்துவிட்டது.

வாக்கியத்தின் கடைசியில் வரும் விகுதி என்று இன்னொருவர் சொல்லலாம். இது பல இடங்களில் சரியாக வரும், ஆனால் கேள்வியில் உடையும். 'பொ க அ டி?' என்றால் 'நீ என்ன சாப்பிட்டாய்?'. 'பொ' என்றால் என்ன, 'அ' என்றால் நீ. 'டி' வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கிறது, பின்னால் எதுவும் இல்லை. இருந்தாலும் 'டிய' என்று வராது. சாப்பிட்ட பொருள் கேள்விச்சொல்லாக முன்னால் போய் நிற்பதால், வினை அதை மறக்கவில்லை. அதேபோல, 'ஞுலி க ஒ டி' என்றால் 'அவள் சாப்பிட்டது கிழங்கைத்தான்'. இங்கேயும் 'ய' இல்லை.

மறுப்பிலும் அது இல்லை. 'ஒ பி டி' என்றால் அவள் சாப்பிடவில்லை. 'டி'க்குப் பின்னால் வெறுமைதான், ஆனாலும் 'ய' வராது. ஆகவே மூன்றாவது விளக்கம்தான் எனக்குப் பொருந்தி வருகிறது: பேச்சின் எடை வினையின் மேலேயே விழும்போது, 'செயல் நடந்தது' என்று உறுதியாகச் சொல்லும்போது 'ய' வருகிறது. எடை கிழங்கின் மேல் போனால், அல்லது மறுப்பின் மேல் போனால், 'ய' விலகிக்கொள்கிறது. ஆப்பிரிக்காவின் தெற்கில் பேசப்படும் பாண்டு மொழிகள் சிலவற்றில் வினை தன் பின்னால் வருவதோடு சேர்ந்து நிற்கும் வடிவம், தனித்து நிற்கும் வடிவம் என்று இரண்டு உண்டு. டக்பானியின் இந்த ஜோடிகளையும் அந்தக் கண்ணோடு பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பார்வை எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆனால் 'ர' முழுக்க இந்த வழியில் நடப்பதில்லை. 'பொரி' என்றால் வேண்டும் என்று நினைப்பது. 'ன் பொரி கொம்' என்றால் எனக்குத் தண்ணீர் வேண்டும். மறுப்பில் 'ன் பி பொர' என்கிறார்கள், எனக்கு வேண்டாம். 'பி' வந்தும் 'ர' அப்படியே நிற்கிறது பாருங்கள். கேள்வியிலும் 'பொ க அ பொர?', உனக்கு என்ன வேண்டும்? முடிந்த செயலின் 'ய' பேச்சின் எடையைப் பார்க்கிறது. முடியாத செயலின் 'ர' பின்னால் சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஜோடிகள் ஒரே மாதிரி தோன்றினாலும் உள்ளே ஒரு நூலிழை வித்தியாசம். இதை மறைத்து மூன்றையும் ஒரே விதி என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது. மூன்று ஜோடிகளை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, இந்த வித்தியாசத்தை இரண்டாம் பக்கத்தில் சொல்வதுதான் முறை.

'ல' பற்றியும் இங்கேதான் பேச வேண்டும். 'ஒ டி ல ஞுலி' என்றாலும் அவள் கிழங்கு சாப்பிட்டாள் என்றுதான் பொருள். ஆனால் கிழங்கு என்பது கேட்பவருக்குப் புதுச் செய்தி. 'என்ன நடந்தது?' என்று கேட்டவருக்குச் சொல்லும் பதில் இப்படி வரும். பின்னால் பெயர் எதுவும் வராவிட்டால் 'ல'வின் இடத்தில் 'மி' வரும்: 'ஒ டிரி மி'. தமிழில் இந்த வேலையை நாம் பெரும்பாலும் சொல் வரிசையாலும் குரலாலும் 'தான்' போன்ற ஒட்டுகளாலும் செய்துகொள்கிறோம். 'ல'வுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுவதில் பயனில்லை. எந்தக் கேள்விக்குப் பதிலாக அந்த வாக்கியம் சொல்லப்பட்டது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும், பொருள் தானே தெளியும்.

இந்த வழிக்குக் குறை இல்லையா? உண்டு. சந்தையில் நின்று நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டியவருக்கு, எடை வினையின் மேலா பெயரின் மேலா என்ற யோசனை நாக்கைக் கட்டிப்போடும். அவருக்கு 'நி', 'கு', 'பி', 'டி' நான்கும் உடனே வேண்டும். இரண்டாவது குறை, நிலையைச் சொல்லும் வினைகள் இதற்குள் வருவதில்லை. முன்னால் சொன்ன 'மி' (தெரியும்), 'பெ' (இருக்கிறது) போன்றவற்றுக்கும், 'வைத்திருக்கிறாள்' என்ற பொருள் தரும் 'மலி'க்கும் முடிந்தது, முடியாதது என்ற பிரிவே இல்லை. 'ஒ மலி' என்று ஒரே வடிவம்தான். அவற்றுக்குத் தனிப்பட்டியல் போட்டுத்தான் ஆக வேண்டும். நல்லவேளையாக அந்தப் பட்டியல் நீளமில்லை.

எனவே எதை எடுப்பது?

யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். தமாலேக்கு வேலைக்குப் போகிறவர், இரண்டு வாரத்தில் நாலு வாக்கியம் பேச வேண்டியவர் என்றால், எதிர்மறை மூன்றையும் தமிழோடு பொருத்திக் காட்டும் முக்கால வழியில் தொடங்கட்டும். அவருக்கு அதுதான் சீக்கிரம் பலன் தரும். 'டிரி'க்கு நேராக நிகழ்காலம் என்று எழுதாமல், 'நடக்கிறது அல்லது நடந்துகொண்டிருந்தது' என்று எழுதிக் கொடுத்தால் பிற்பாடு வரும் வலியில் பாதி குறையும். தரவு சேர்ப்பவர் பெட்டி வரிசையைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் 'பி'க்கும் 'ய'வுக்கும் இடையிலான உறவைச் சொல்ல ஒரு தனிக் குறிப்புப் பத்தி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 'ஒ பி டிய' போன்ற, யாரும் பேசாத வாக்கியங்களைக் கணினி உற்சாகமாகக் கட்டிக் கொடுக்கும்.

மொழியைப் புரிந்துகொள்ள வேண்டும், அதைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று வருபவருக்கு என் பதில் மூன்றாவது வழிதான். இதில் எனக்குச் சந்தேகமில்லை. காரணம் எளிது. முக்கால வழியில் தொடங்கி மூன்றாவதுக்கு வருபவர் கற்றதைக் கலைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதில் தொடங்குபவர் எதையும் கலைக்க வேண்டாம். 'டிய, டி, டிர, டிரி, டிம, டிமி' என்ற ஆறையும் வைத்துக்கொண்டு, அதன் முன்னால் 'ஸ', 'டா' என்று தூரத்தைச் சேர்க்கலாம். அப்புறம் 'நி', 'பி', 'கு' என்று சேர்க்கலாம். ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருப்பதன் மேல் அடுக்கப்படுகிறது, எதையும் இடிப்பதில்லை. இப்படி அடுக்கி முடிக்கும்போது பெட்டி வரிசையும் தானாகவே கைக்கு வந்திருக்கும். மூன்றாவது வழியில் போனவருக்கு இரண்டாவது வழி இலவசம் என்று சொல்லலாம்.

என் தாளில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது. மேலே மூன்று ஜோடிகள், ஒரே ஒரு வினைக்கு. கீழே அதே ஜோடிகள் 'ஞு'வுக்கும் 'சங்'குக்கும். பக்கத்தின் அடியில் நிலை வினைகளும் அவற்றின் தனி மறுப்புகளும். இரண்டாம் பக்கத்தில் மறுப்பு, கேள்வி, 'ய' எங்கே விழுகிறது என்பது. மூன்றாம் பக்கத்தில்தான் காலத் தூரச் சொற்கள்.

கடைசியாக ஒரு முடிவு மிச்சம் இருக்கிறது, மூன்று வழிகளுக்கும் பொதுவானது. குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறிப்பதா, விடுவதா? டக்பானியில் ஓர் அசையை உயர்த்திச் சொல்வதும் தாழ்த்திச் சொல்வதும் பொருளை மாற்றும். 'க்பல்லி' என்பதன் இரண்டு அசைகளையும் உயர்த்திச் சொன்னால் கல்லறை. முதலசையை உயர்த்தி இரண்டாவதைத் தாழ்த்தினால் புல்லில் முடைந்த பாய். ஊரில் அச்சாகும் புத்தகங்களில் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறிப்பதில்லை. பிறந்ததிலிருந்து பேசுபவருக்குத் தேவையும் இல்லை. வெளியிலிருந்து வரும் நமக்குத் தேவை. மூன்று 'டி'யையும் இரண்டு 'டா'வையும் நான் மேலே எழுதியபோது ஒரே மாதிரி தெரிந்திருக்கும். தாளில் எழுதும்போது உயரும் அசையின் தலையில் ஒரு சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு எங்கே போடுவது என்பதைப் பேசுபவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். 'ஒ டா ட ஞுலி' என்பதை அவரை மூன்று முறை மெதுவாகச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கூடவே சொல்லிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.